பள்ளிக்கூடம் வரை ஓடும் வண்டி

அவள் கை பட்டால் கார் பேட்டரி செத்துப்போகும் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் அவள் புருஷன்தான். வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் போதும், சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பான்: "இவளுக்கு ஒரு ராசி இருக்கு. இவ ஓட்டினா புது பேட்டரியும் படுத்துக்கும். நான் உக்காந்தா குதிரை மாதிரி போகும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்ன?

பேச்சு பொய்யில்லை என்பதுதான் கொடுமை. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, மருந்துக் கடை என்றால் வண்டி ஒழுங்காகப் போய் ஒழுங்காக வரும். அதைத் தாண்டி ஊர் எல்லையைக் கடந்தாளோ, தீர்ந்தது. முதலில் ஹாரனுக்குத் தொண்டை கட்டும். அப்புறம் என்ஜின் விக்கி விக்கி நடுரோட்டில் நின்றுவிடும். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்றாள். அம்மா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் வந்து ஓடிய அன்றும் அப்படித்தான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு தடவையும் அவன் வந்தான். யாரையோ காரோடு கூட்டிவந்து, ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பெட்ரோல் பங்க்கில் நின்ற பெண்மணி ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்.

அடிக்கிற ஆள் இல்லை அவன். குரலைக்கூட உயர்த்த மாட்டான். யாரோடு பேசினாய், எதற்குச் சிரித்தாய், கடையில் ஏன் இவ்வளவு நேரம் என்று தேன் தடவினாற்போல் கேட்பான். பதில் அவனுக்குப் பிடிக்கும்வரை கேட்பான். விடிய விடியக் கேட்டிருக்கிறான். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் கேள்வி கேட்கிறான் என்றால், கேட்காமல் வேறு யார் கேட்பது என்பார்கள்.

அவளும் பொறுத்துத்தான் போனாள். ஆனால் போன மாதத்திலிருந்து அவன் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தான். "அம்மா இன்னைக்கு யார்கூடப் பேசினா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இல்லையே, வேற யாரோ இருந்தாங்களே?" இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. என்ன சொன்னால் அப்பா விடுவார் என்று தெரியாமல் விழித்து விழித்து, கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. மகளின் பாவாடையை அலசிக்கொண்டிருக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். போனால் திரும்பக் கூடாது.

பஸ்ஸில் போகலாம்தான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன் அவனுடைய தம்பி. அண்ணி பெட்டியோடு வந்து நிற்கிறாள் என்ற சேதி, பஸ் கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் காதுக்குப் போய்விடும். இருக்கிற ஒரே வழி கார். அவளுடைய நகையைப் போட்டு வாங்கிய கார் அது. பேர் மட்டும் அவன் பேரில்.

அன்று காலை அவன் பைக்கில் வேலைக்குப் போனதும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டு பெட்டிகளை டிக்கியில் ஏற்றினாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் போய், பிள்ளைக்குப் பல்வலி என்று ஏதாவது சொல்லிக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவன் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் அக்கா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் கணக்கு. நடுவில் காலை வாரிவிடக் கூடியது இந்த வண்டி ஒன்றுதான். அதனால்தான் முதல் வேலையாக லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற எலெக்ட்ரீஷியன் கடைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளாக வண்டியை ஒரு கடைக்குக் கொண்டுவருவது அதுவே முதல் தடவை.

எலெக்ட்ரீஷியனை அந்தத் தெருவில் 'டேப்பு' என்பார்கள். கறுப்பு டேப் சுருள் ஒன்றை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே திரிவதால் வந்த பேர். தகரக் கூரை போட்ட கடை. சுவரில் ஆணி அடித்துப் பழைய ஆல்டர்னேட்டர்களை மாட்டி வைத்திருந்தார். வாசலில் வரிசையாகச் செத்த பேட்டரிகள், தலையில் வெள்ளைப் பூ பூத்துக் கிடந்தன. ஆசிட் பட்டுப் பட்டு அவர் சட்டையின் வயிற்றுப் பகுதி சல்லடையாகியிருந்தது. வாய் ஓயாத மனுஷன்.

"சொல்லும்மா, வண்டிக்கு என்ன?"

"பேட்டரி நிக்க மாட்டேங்குதுண்ணே. கொஞ்சம் தூரமாப் போனா ஆஃப் ஆயிடுது. நான் ஓட்டினா மட்டும்."

"நீங்க ஓட்டினா மட்டுமா? வண்டிக்கு ஆள் அடையாளம்கூடத் தெரியுதா? பரவாயில்லையே!"

சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினாள். மீட்டரையே பார்த்தபடி நின்றவர், ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். சிரிப்பு நின்றது.

"ஓடும்போது நம்பர் ஏறணும்மா. இது இறங்கிக்கிட்டே போகுது. வரும்படியே இல்லாம சேத்து வச்சதை எடுத்துத் தின்னுக்கிட்டு இருக்கு உங்க வண்டி. தீர்ந்துபோனா நிக்கத்தானே செய்யும்?"

"அப்ப... நான் ஓட்டுறதுனால இல்லையா?"

"பேட்டரிக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாதும்மா. யாரு சொன்னா உங்களுக்கு?"

யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. எத்தனை விருந்து, எத்தனை சிரிப்பு! முகம் தெரியாத ஒரு ஆள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உன்மேல் குற்றமில்லை என்கிறான். அழுதுவிடுவோமோ என்று பயந்து, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. பேட்டரிக்குக் கரண்ட் ஊட்டும் ஆல்டர்னேட்டரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அப்புறம் திடீரென்று ஏதோ நினைவு வந்தவராக அவளைக் கூப்பிட்டார்.

"சாவியை மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம். பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியுதா?"

"இல்லையே."

"எரியணுமே! சாவி போட்டா எரியணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். அந்த லைட் வழியா வர்ற கரண்ட்தாம்மா ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புது. எழுப்ப ஆள் வரலைன்னா அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டே சுத்தும். ஒரு சொட்டு கரண்ட் வராது."

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. அந்தச் சிவப்பு விளக்கை அவள் பார்த்திருக்கிறாள். அவன் ஓட்டும்போது, பக்கத்து இருக்கையில் இருந்தபடி. எரியும், அணையும். தான் ஓட்டும்போது எரிகிறதா என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. எரியாத விளக்கை யார் கவனிப்பார்கள்?

டேப்பு மும்முரமாகிவிட்டார். விளக்கின் பல்பைக் கழற்றிச் சோதித்தார், நன்றாக இருந்தது. ஆல்டர்னேட்டருக்கு வருகிற மெல்லிய ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார், உயிர் இல்லை. "நடுவுல எங்கயோ அறுந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தார். பின்பக்கம் ஏதாவது ஒயர் போகிறதா என்று டிக்கியையும் ஒரு தடவை திறந்து பார்த்து மூடினார். மறுபடி உள்ளே போனார். ஸ்பேனரை எடுத்து டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். தரை விரிப்பைத் தூக்கினார்.

அவ்வளவுதான். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடிக்கொண்டது. விரிப்பை இருந்த மாதிரியே போட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"கிடைச்சுதாண்ணே?"

"கிடைச்சுது. வண்டி யார் பேர்லம்மா இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர்ல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"வேணாம்ண்ணே! அவர் வேலையில இருப்பாரு. எதுன்னாலும் என்கிட்டயே சொல்லுங்க."

"ரெண்டே வார்த்தைம்மா, நீங்க உக்காருங்க."

முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. வண்டி இடைஞ்சலாக நின்றால் கூப்பிடுங்கள் என்று அவனே ஒட்டிய நம்பர். அவள் எழுந்து வருவதற்குள் டேப்பு அதைப் பார்த்துத் தன் போனில் அமுக்கிவிட்டார். பக்கத்துக் கடையில் ஒரு லாரியின் என்ஜினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்கு ஒதுங்கித் தெருவோரமாகப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். அவளுக்கு அரையும் குறையுமாகத்தான் கேட்டது. ஆனால் கேட்கக் கூடாதது தெளிவாகக் கேட்டது.

"ஆமா சார், அம்மாதான் வந்திருக்காங்க... டிக்கியில பெட்டியெல்லாம் இருக்கு சார், வெளியூர் போறாங்க போல... அதான் நல்லபடியாப் பண்ணிக் குடுத்துரலாம்னு..."

ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? பெட்டி என்று சொன்னது சொன்னதுதான். பாவி மனுஷா, உன்னை யார் கேட்டார்கள்!

டேப்பு முகம் மலரத் திரும்பி வந்தார். "சார் தங்கமான மனுஷன்மா. கழட்டிருங்கன்னுட்டாரு. அவசரமே இல்ல, பொறுமையா எல்லாத்தையும் செக் பண்ணி அனுப்புங்க, லேட்டானாலும் பரவாயில்லன்னாரு. உங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கச் சொன்னாரு."

"என்னத்தைக் கழட்டணும்?"

இப்போது சொல்லலாம் என்பதால் வாய் மறுபடி திறந்துகொண்டது. விரிப்பைத் தூக்கிக் காட்டினார். சீட்டுக்கு அடியில், டிரைவர் கையைத் தொங்கவிட்டால் தொடுகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு சுவிட்ச். கம்பெனி ஒயரை வெட்டி, இரண்டு மஞ்சள் ஒயர்களை ஒட்டுப்போட்டு அதுவரை இழுத்திருந்தது. சுத்தமான வேலை.

"திருட்டு சுவிட்ச்சும்மா. கார் காணாமப் போயிரக் கூடாதுன்னு மறைச்சு வைக்கிறது. இந்தத் தெருவுல எங்க எல்லாருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மறைச்சு வச்ச சுவிட்ச் கண்ணுல பட்டா, வண்டியைக் கொண்டு வந்தது யாரா இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் சொல்லணும். முன்னாடி ஒருத்தன் டிரைவர்கிட்ட உளறப்போய், டிரைவர் வண்டியோட கம்பி நீட்டிட்டான். அதான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் சுவிட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஒரு ஓரம் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். திருடன் வந்தா இது வண்டியை ஸ்டார்ட் ஆக விடாதா?"

"விடாதும்மா, அதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மஞ்சள் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இல்ல. ஸ்டார்ட் ஆகுமே. இதைப் போட வேண்டியது வண்டியைக் கிளப்புற செல்ஃப் ஒயர்ல. எவனோ தெரியாம சார்ஜிங் ஒயர்ல போட்டு வச்சிருக்கான்."

"ஸ்டார்ட் ஆகும். ஆகி எவ்வளவு தூரம் ஓடும்?"

"பேட்டரி தாங்குற வரைக்கும். ஊருக்குள்ள சுத்தலாம்."

"பள்ளிக்கூடம் போகலாம். கடைக்குப் போகலாம்."

"போகலாம்."

"அக்கா வீட்டுக்குப் போக முடியாது. அம்மா சாகக் கிடந்தா போக முடியாது. சாயங்காலம் அவர் வந்து உக்காந்து, கையைக் கீழ விட்டு இதைத் தட்டிட்டு ஓட்டினா பேட்டரி மறுபடி ரொம்பிடும். இல்லையா?"

டேப்பு மெல்லத் தலையாட்டினார்.

"தெரியாமப் போட்டது இல்லண்ணே. இது திருடனுக்கு வச்சதும் இல்ல. எனக்கு வச்சது."

டேப்பு கையில் இருந்த மஞ்சள் ஒயரை விட்டுவிட்டார். கழற்றி வைத்த சீட்டின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். டிக்கி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். உள்ளே இருக்கிற பெட்டிகள் எதற்கு என்று இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். படார் படாரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! நான் வேற போன் பண்ணித் தொலைச்சுட்டேனேம்மா!"

"சீக்கிரம் ஒட்டுப்போடுங்க. அவர் வர்றதுக்குள்ள நான் கிளம்பணும்."

டேப்பு பாய்ந்து உள்ளே போனார். மஞ்சள் ஒயர்களை வெட்டி எறிந்தார். அசல் ஒயரின் இரு முனைகளையும் சீவி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டார். மணிக்கட்டில் இருந்த டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துச் சுற்றினார்.

அவள் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த பைக் திரும்பினாலும் ஓட்டி வருபவன் முகத்தைப் பார்த்தாள். வருவான், கட்டாயம் வருவான். வண்டி எங்கே நின்றாலும் அங்கே வந்து நிற்கிறவன் அல்லவா? அவன் இங்கே வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் போதும். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். மகளைப் பையோடு வாசலில் உட்கார வைக்கச் சொல்லலாம் என்று. அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மறுபடி போட்டாள். வேலையில் இருந்து இவ்வளவு தூரம் வர அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இந்நேரம் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. ஒருவேளை வேலையை விட்டு வர முடியவில்லையோ என்று நினைத்தாள். ஒருவேளை கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறானோ என்றுகூட நினைத்தாள். நல்லவேளையாக நினைப்புக்கு யாரும் வரி போடுவதில்லை.

"சாவியைப் போடுங்கம்மா!"

போட்டாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட் பண்ணினாள், அணைந்தது. மீட்டரில் நம்பர் குடுகுடுவென்று ஏறியது. இரண்டு போல்ட்டுகளை மட்டும் மாட்டிச் சீட்டை நிறுத்தினார் டேப்பு.

"இனிமே எங்க வேணாலும் போகலாம், நிக்காது. போங்கம்மா, போங்க. அவர் இங்க வந்தா நான் பேசி நிறுத்தி வைக்கறேன்."

அவள் வாயால் நன்றிகூடச் சொல்லவில்லை. கியரைப் போட்டாள்.

அப்படி ஓடியது வண்டி. பேட்டரி தீர்ந்துவிடும் என்று இத்தனை நாளும் வேர்த்துக் கொட்டினாலும் போடாத ஏசியைப் போட்டாள். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டாள். ஹாரனை வேண்டுமென்றே ஒரு தடவை அமுக்கினாள், தொண்டை கட்டவில்லை. தன்னை அறியாமல் சிரித்தாள். மகளிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், அங்கே யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலே போதும், பிள்ளை புரிந்துகொள்ளும்.

பள்ளிக்கூட வாசலை அவள் எட்டியபோது சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. தப்பித்தோம் என்று இறங்கி ஓடினாள். காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், தெரிந்த முகம்தான்.

"பாப்பாவைக் கூப்பிடணும். ரெண்டாம் வகுப்பு."

"அடடா, கொஞ்ச நேரம் முன்னாடிதானேம்மா அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு? நீங்க வெளியூர் போறீங்களாமே. அம்மாவை வழியனுப்பப் போறோம்னு பாப்பா குதிச்சுக்கிட்டே போச்சு."

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்படி இது தோன்றாமல் போனது? கடைக்கு அவன் எதற்கு வர வேண்டும்? அங்கே என்ன இருக்கிறது, அவளும் ஒரு வண்டியும்தானே! பொறுமையாகப் பார்த்து அனுப்புங்கள், லேட்டானாலும் பரவாயில்லை என்றது இதற்குத்தான். டீ வேறு.

"உடம்பு சரியில்லையாம்மா? உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்" என்றார் காவலாளி. அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"வண்டி சரியாயிடுச்சா?" என்றான். அதே தேன் குரல்.

அவள் கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"ரொம்ப சந்தோஷம். இனிமே நீ எங்க வேணாலும் போகலாம். போயிட்டு வா. அக்காவைக் கேட்டதாச் சொல்லு, இருக்கணும்னு தோணுற வரைக்கும் இருந்துட்டு வா. பாப்பாவைப் பத்திக் கவலைப்படாத. நானும் அவளும் வீட்டுலதான் இருக்கோம், பேசிக்கிட்டு இருக்கோம். அவகிட்ட நிறையக் கேக்க வேண்டியிருக்கு."

"அவகிட்ட குடு. ஒரே ஒரு நிமிஷம் குடு."

"மடியிலதான் உக்காந்திருக்கா. பாப்பா, அம்மாகிட்டப் பேசு."

அவள் காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் வந்தது. மகளின் மூச்சு வந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அவள் போனைப் பக்கத்து இருக்கையில் போட்டாள். அதை அணைக்கக்கூட இல்லை. சாவியைத் திருப்பி, வீட்டுப் பக்கம் வண்டியை ஒடித்து, பிள்ளையிடம் அவன் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.